சிவப்பு மட்டையில் எழுதியிருந்தது

எங்கள் ஊரில் எனக்குச் சீன மொழி தெரியும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. அதை நான் பரப்பவில்லை. மறுக்கவும் இல்லை. நாற்பது வயது மனிதனுக்கு ஊரில் கிடைக்கிற மதிப்பு பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் விளைகிறது.

நம்பிக்கை பிறந்த விதம் எளிமையானது. என் இருபதாவது வயதில் பொதுவுடைமைக் கட்சி மொஸ்கோ என்றும் பீக்கிங் என்றும் இரண்டாக உடைந்தது. உலகம் முழுவதும் உடைந்ததுதான். எங்கள் வாசிகசாலையில் ஐந்துக்கு இரண்டு என்று உடைந்தது. நான் அந்த இரண்டில் ஒருவன். இரு பக்கத்து அறிக்கைகளையும் ஆழ்ந்து படித்து எடுத்த முடிவு என்று பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மை என்னவென்றால், மொஸ்கோப் பிரிவின் உள்ளூர்த் தலைவர் எனக்கு ஐந்தாம் வகுப்பில் கணக்குப் படிப்பித்தவர். அவருடைய பிரம்பு இருக்கிற பக்கமாகப் புரட்சி வரும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

ஒன்றரை வருடத்தில் கட்சி என்னை மறந்தது. நானும் அதை மறந்து கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதும் இலிகிதராகச் சேர்ந்தேன். சீனத்திலிருந்து தபாலில் வந்துகொண்டிருந்த ஒரு வழுவழுப்பான சஞ்சிகை மட்டும் என்னை மறக்கவில்லை. உள்ளே எல்லாம் ஆங்கிலம். அட்டையில் மட்டும் பெரிதாக நாலு சீன எழுத்து. தபாற்காரர் அதைச் சைக்கிள் கரியரில் அட்டை வெளியே தெரிய வைத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் என் படலைக்கு வருவார். ஊரார் அட்டையைக் கண்டார்கள். உள்ளே திறந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதல் பரீட்சை ஒரு திருவிழாவில் வந்தது. கோயிலுக்கு வாங்கிய சீனவெடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த தர்மகர்த்தா, உதிலை என்ன தம்பி எழுதியிருக்கு என்று கேட்டார். சுற்றிவரப் பத்துப் பேர். தெரியாது என்று சொல்வதற்கு அது அதிகப்படியான கூட்டம். ஈரம் படாமல் வைக்கவும் என்று போட்டிருக்கிறது என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பெட்டியை மடப்பள்ளிக்குப் பக்கத்திலிருந்து எடுத்து வாகனசாலைக்குள் வைத்தார். அதில் ஒரு தீமையும் விளையவில்லை, உண்மையில் நன்மையே விளைந்தது.

அன்றிலிருந்து என்னிடம் மூன்று மொழிபெயர்ப்புகள் கைவசம் இருந்தன. ஈரம் படாமல் வைக்கவும். சிறுபிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைக்கவும். பரிசோதிக்கப்பட்டது, பாவனைக்குத் தயார். சீனத்திலிருந்து கப்பலேறிய எந்தப் பொருளும் இந்த மூன்றில் ஒன்றுக்குள் அடங்கிவிடும். தலையிடித் தைலம், பூட்டு, குடை, பீங்கான் கோப்பை எல்லாம் வாசித்தேன். இருபது வருடத்தில் ஒரு பிழை வரவில்லை. தமிழில் வேறு எந்த மொழிபெயர்ப்பாளருக்கு அந்தப் பெருமை உண்டு என்று எனக்குத் தெரியாது.

சஞ்சிகையைப் படித்துப் படித்து எனக்கு ஒரு வியாதியும் தொற்றியது. சீனத்தின் முன்னேற்றத்தைக் கண்காணிப்பது. இப்போது பெரிய நாடுகளில் இதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைத்திருப்பார்கள். நான் சங்கத்துக் கொப்பி ஒன்றில் இலவசமாகச் செய்தேன். சங்கத்துக்கு வருகிற சீனச் சாமான் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்து, போன முறை வந்ததைவிட என்ன திருத்தியிருக்கிறார்கள் என்று குறித்து வைப்பேன். முதலில் வந்த ரோச் லைற்றுக்கு ஒரு மாதத்தில் சுவிச் போனது. அடுத்த வகை, மனைவியின் கையிலிருந்து கிணற்றுக்குள் விழுந்து, வாளியோடு மேலே வரும்போது எரிந்துகொண்டே வந்தது. சுடுதண்ணீர்ப் போத்தல் மத்தியானம்வரை சூடு தாங்கியது, பிறகு பின்னேரம்வரை தாங்கியது. பூட்டு விஷயத்தில் மட்டும் எனக்குக் குழப்பம். பழைய பூட்டு எந்தத் திறப்பைப் போட்டுத் திருகினாலும் திறந்தது, புதியது தன்னுடைய திறப்புக்கே திறக்கவில்லை. இதை முன்னேற்றம் என்று எழுதுவதா, பின்னடைவு என்று எழுதுவதா என்று யோசித்து அந்த இடத்தை வெறுமையாக விட்டேன்.

இந்த ஆராய்ச்சியைக் கேட்க எனக்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தான். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் பக்கத்தில் இருந்த சிநேகிதன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, காங்கேசன்துறைப் பக்கம் ஒரு பட்டறையில் தொழில் பழகி, ஊருக்குத் திரும்பித் தண்ணீர் இறைக்கிற மிசின் திருத்துகிற பட்டறை போட்டவன். எங்கள் பகுதியின் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் அவன் கையில்தான் இருந்தன என்று சொன்னால் மிகையில்லை. கிணற்றடியில் மிசின் நின்றால் ஆட்கள் வைத்தியரிடம் ஓடுவதைவிட வேகமாக அவனிடம் ஓடுவார்கள்.

அவனுக்கு யப்பான் மிசின் என்றால் உயிர். சீனச் சாமான் என்றால் ஏளனம். சின்ன வயதிலிருந்து அவனைத் தெரிந்த எனக்கு இதில் ஒரு வேடிக்கை. யப்பான் மிசின் முதலில் வந்தபோது அவன் அதைக் கையால் தொடமாட்டேன் என்று நின்றவன். வெள்ளைக்காரனின் இரும்புதான் இரும்பு, இது தகரம், பொம்மைக்கடைக்குப் போகவேண்டியது என்று சந்தை முழுக்கச் சொன்னவன். ஐந்து வருடத்தில் வெள்ளைக்காரனின் மிசின்களைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டவனும் அவனே. இதை நான் நினைவூட்டினால், அவன் ஸ்பனரைத் துடைத்தபடி, "அது வேறை, இது வேறை மச்சான். நீ கொப்பியிலை எழுது, நான் இரும்பிலை பாக்கிறன்" என்பான்.

இந்த நிலைமையில்தான் எண்பத்தாறாம் ஆண்டு மாசி மாதம் என் தங்கச்சியின் மிசின் செத்தது.

தங்கச்சியின் புருஷன் சவூதியில் இருந்தார். அவர் போனதும், அவருடைய பங்குத் தோட்டத்தை அவருடைய தமையனே சேர்த்துச் செய்வதென்று பேச்சாகியிருந்தது. தமையனைத் தங்கச்சி பெரியத்தான் என்று கூப்பிடுவாள். கெட்ட மனிதர் அல்ல. இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் இருக்கும் வேலியை எடுத்துவிட்டால் உழவுக்கு எவ்வளவு வசதி என்று நித்திரையிலும் யோசிக்கிற மனிதர், அவ்வளவுதான். தங்கச்சி விடவில்லை. தான் செய்வேன் என்றாள். ஆறு கடிதம் போய், ஆறு கடிதம் வந்து, ஏழாவதில் அவளுடைய புருஷன் இறங்கி வந்தார். ஒரு போகம் செய்து பார், சரிவராவிட்டால் தோட்டத்தை அண்ணையிடம் விட்டுவிடு என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை அவள் என்னிடம் வாசிக்கத் தந்தாள். தானே பத்துத் தரம் வாசித்திருப்பாள், மடிப்புக் கிழிந்திருந்தது.

அவள் வெங்காயம் வைத்தாள். நாற்பது நாள் பயிர் நன்றாக இருந்தது. தாள் கரும்பச்சையாக நின்றது, அடியில் காய் கட்டத் தொடங்கியிருந்தது. அந்த நேரத்தில் வெங்காயத்துக்குத் தண்ணீர் தப்பக்கூடாது. மூன்று நாளுக்கொரு இறைப்பு. மாசி வெய்யிலில் எங்கள் செம்மண் நாலாம் நாள் வெடிக்கும், ஆறாம் நாள் தாள் மஞ்சளாகும், பிறகு எவ்வளவு இறைத்தாலும் காய் திரளாது. அந்த நாற்பதாம் நாளில்தான், காணியோடு வந்த பழைய ஆங்கில மிசின் பெரிய சத்தத்தோடு பிளந்தது. என் சிநேகிதன் வந்து குனிந்து பார்த்துவிட்டு, அதன் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு எழும்பினான். இனி அதைச் சாத்தி வைத்து மாடு கட்டலாம் என்றான்.

அக்கம்பக்கத்தில் இரவல் வாங்குவதும் சுலபமல்ல. எல்லாருக்கும் ஒரே பயிர், ஒரே பருவம். மிசின்கள் விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை ஓடிக்கொண்டிருந்தன. மண்ணெண்ணெய் அளந்துதான் கிடைத்தது. கையால் இறைக்கிற துலாவை எல்லாரும் எப்போதோ கழற்றிவிட்டார்கள். புது மிசின் ஒன்றுதான் வழி.

பட்டணத்துக் கடையில் யப்பான் மிசின் இல்லை. சண்டையில் மூடிய பாதை திறந்து லொறி வந்தால் அடுத்த மாதம் வரலாம் என்றார்கள். இருந்தது ஒன்றே ஒன்று, சீன மிசின், பெட்டி உடைக்காதது. தங்கச்சி இரண்டு பேரிடம் அபிப்பிராயம் கேட்டாள். பொறுத்திரு பிள்ளை, உந்தச் சீனச் சாமானை வாங்கினால் நான் ஸ்பனர் வைக்கமாட்டேன், இப்பவே சொல்லிவிட்டேன் என்றான் சிநேகிதன். நான் வீட்டுக்கு வந்து கொப்பியைப் புரட்டினேன். ரோச் லைற், போத்தல், குடை என்று எல்லாம் முன்னேறிக்கொண்டு வந்திருந்தன. பூட்டு இருந்த பக்கத்தைத் தாண்டிப் போனேன். வாங்கு என்றேன். ரோச் லைற்றிலிருந்து எஞ்சினுக்கு ஒரே தாவலில் போகிற ஆய்வு அது. ஆனால் அவளுக்கு முன்னால் அதைச் சொல்லும்போது என் குரலில் இருந்த நிச்சயம் எனக்கே பிடித்திருந்தது.

அடுத்த நாள் மத்தியானம் மாட்டு வண்டிலில் மிசின் வந்து இறங்கியது. மரப்பெட்டியை உடைக்கும்போது கிணற்றடியில் பதினைந்து பேர் நின்றார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் பெரியத்தான் நின்றார். சிநேகிதன் வரவில்லை. சிராய்த் தூள்களுக்குள்ளிருந்து பச்சை நிறத்தில் மிசின் வெளியே வந்தபோது, எனக்கு ஏதோ நானே செய்து முடித்ததுபோல் ஒரு பூரிப்பு. கூடவே ஒரு மெல்லிய புத்தகம், முழுவதும் சீன எழுத்து. எஞ்சினின் இடுப்பில் ஒரு மூடி இருந்தது, அந்த மூடியில் நூலால் ஒரு சிவப்புக் கடதாசி மட்டை கட்டியிருந்தது. மட்டையில் பெருவிரல் அளவில் ஆறு எழுத்து. கடைசியில் ஒரு ஆச்சரியக்குறி.

தங்கச்சி மட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"என்ன அண்ணை போட்டிருக்கு?"

அந்த மட்டையில் எனக்கு வாசிக்கத் தெரிந்தது ஆச்சரியக்குறி மட்டும்தான். மகிழ்ச்சியில் போட்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். சிவப்பு நிறம் அவர்களுக்கு மங்கலம் என்று சஞ்சிகையில் படித்திருந்தேன். ஈரம் படாமல் வைக்கவும் என்று தண்ணீர் மிசினில் எழுதமாட்டார்கள். ஆகவே மூன்றாவதை எடுத்தேன். "பரிசோதிக்கப்பட்டது, பாவனைக்குத் தயார்."

தோட்டத்தில் கூலிக்கு நின்ற மனிதர், ஒயில் ஏதும் விடத் தேவையில்லையோ என்று மெதுவாகக் கேட்டார். இருபது வருடமாக மண்வெட்டி பிடிக்கிற மனிதர், சீன எழுத்து ஒன்றும் அறியாதவர். தொழிற்சாலையிலேயே எல்லாம் பார்த்து விட்டுத்தான் மட்டை கட்டியிருக்கிறார்கள் என்று நான் அவருக்கு விளங்கப்படுத்தினேன். மட்டையை அறுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பெற்றோல் விட்டுக் கயிற்றை இழுத்தார்கள். இரண்டாவது இழுவைக்கே பிடித்தது. மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். குழாயிலிருந்து தண்ணீர் வந்து விழுந்தது. அவ்வளவு தண்ணீர் பழைய மிசினில் நாங்கள் கண்டதில்லை. ஒருவர் கை தட்டினார். பெரியத்தான் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, நல்லாய்த்தான் தள்ளுது என்றார். முதல் பாத்தி நிறைந்தது. இரண்டாவது பாத்தி பாதிக்கு வந்தபோது மிசினின் குரல் மாறியது. இரும்பு இரும்பைக் கடிக்கிற சத்தம். பிறகு ஒரு உதறல். பிறகு வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் மண்ணுக்குள் இறங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஊர் தீர்ப்பை அங்கேயே சொல்லிவிட்டது. சீனச் சாமான். கால் மணித்தியாலம். பின்னேரத்துக்குள் சந்தையில் அது பத்து நிமிடமாகக் குறைந்திருந்தது. என்னை ஒருவரும் குறை சொல்லவில்லை. சீனன் எழுதினதைத்தானே மனுசன் வாசித்தவர், பொய் எழுதினது சீனன் என்று என் பக்கம் கதைத்தார்கள். எனக்காக வழக்காடுகிற ஊரை அன்றைக்குத்தான் முதல் முறை கண்டேன்.

எல்லாரும் போன பிறகு, உடைந்த பெட்டிப் பலகைகளைப் பொறுக்கி அடுக்க நின்றேன். வேறு எந்த வேலைக்கும் நான் லாயக்கில்லை என்பது அப்போது வெளிச்சமாகியிருந்தது. அடிப் பலகையில் சிராய்த் தூளோடு ஒட்டிக்கொண்டு ஒரு ஒற்றைத் தாள் கிடந்தது. தட்டெழுத்தில் அடித்தது. ஆங்கிலம். சின்ன வயதிலிருந்து எனக்கு ஒழுங்காகத் தெரிந்த மொழி. முதல் வரி, இந்த எஞ்சின் ஒயில் இல்லாமல் அனுப்பப்படுகிறது என்றது. இரண்டாவது வரி, தொடக்குமுன் சிவப்பு மட்டை கட்டிய மூடியைத் திறந்து ஒயில் நிரப்புக என்றது. நான் சீனம் வாசித்துக்கொண்டு நின்ற நேரம் முழுவதும் ஆங்கிலம் என் காலடியில் கிடந்திருக்கிறது.

தாளை மடித்து மட்டையோடு சேர்த்துப் பைக்குள் வைத்தேன். சைக்கிளில் வீட்டுக்குப் போகும் வழியில் யோசித்த யோசனைகளில் ஒன்றுகூட எனக்குப் பெருமை தருவதில்லை. சீனா பெரிய நாடு. நூறு கோடிச் சனம். எங்கள் ஊர் அதைப்பற்றி என்ன நினைத்தாலும் அது தாங்கும். நான் தாங்குவேனா என்பதுதான் கேள்வி.

அடுத்த நாள் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் தன் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மிசினை இரவல் தந்தார். அரை இறைப்பு. அதைக்கொண்டு இழுத்துப்பறித்து மூன்று நாள் தாங்கலாம். தங்கச்சி போய்ச் சிநேகிதனிடம் கெஞ்சினாள். அவன் மனம் கசிந்துதான் பதில் சொன்னானாம், ஆனால் பதில் மாறவில்லை. இரும்பு கூடாது, நல்ல இரும்பில்லை பிள்ளை, கூடாத இரும்பு உருகினால் அதிலே நான் செய்ய ஒன்றுமில்லை. இன்றைக்குச் செய்தாலும் நாளைக்கு உருகும். திரும்பி வரும்போது பெரியத்தான் அவளைக் கண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வந்து கதைக்கிறேன், நீ யோசிக்காதே, எல்லாம் நான் பார்க்கிறேன் என்று ஆறுதலாகச் சொல்லியிருக்கிறார். இதை என்னிடம் சொல்லும்போது அவள் அழவில்லை. வெங்காயத் தாள் ஒன்றைப் பிடுங்கி வைத்து அதன் நுனியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நுனி மஞ்சளாகியிருந்தது.

பட்டறைக்கு நான் போனபோது சிநேகிதன் தனியாக இருந்தான். என்னைக் கண்டதும் சிரிப்பை அடக்க ஒரு முயற்சி செய்தான்.

"வா மச்சான். கொப்பி கொண்டந்தனியோ? பத்து நிமிசம் எண்டு எழுது."

"இரும்பிலை பிழையில்லை" என்றேன்.

"பேந்து என்ன?"

"ஒயில் இல்லாமல் ஓட்டினது."

அவன் கையிலிருந்ததைக் கீழே வைத்தான். "ஆர் ஓட்டினது?"

"நான்தான். மட்டையிலை ஒயில் விடு எண்டு இருந்திருக்கு. நான் வேறை மாதிரிச் சொல்லிப்போட்டன்."

"ஏன்ரா, வாசிச்சனி எல்லே?"

"எனக்குச் சீனம் தெரியாது."

இருபது வருடம் சுமந்த ஒன்றை இறக்கிவைத்தால் மனம் லேசாகும் என்று புத்தகங்களில் எழுதுவார்கள். நான் வாசலில் விட்ட சைக்கிள் எவ்வளவு தூரம் என்று பார்த்தேன். அவன் என்னை மேலிருந்து கீழாக ஒருதரம் பார்த்தான். கோயில் வெடிப் பெட்டி, தைலப் போத்தல், அவனுடைய மகளின் குடை எல்லாம் அவன் முகத்தில் வரிசையாகப் போயின.

"என்ரை பிள்ளையின்ரை குடையிலை என்ன போட்டிருந்தது அப்ப?"

"ஆருக்குத் தெரியும்."

அவன் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எழும்பிப் போய்க் கையைக் கழுவினான், ஸ்பனர்ப் பையை எடுத்தான், என் சைக்கிள் பாரில் ஏறி இருந்தான். வழியில் ஒரே ஒரு வசனம் பேசினான். சாமான் கூடாதெண்டால் நான் வந்திருக்கமாட்டேன், ஆள் கூடாதெண்டால் வரத்தானே வேணும் என்றான்.

மிசினைப் பட்டறைக்கு ஏற்றிக் கொண்டுபோய்க் கழற்றினோம். கழற்றினோம் என்றால் அவன் கழற்றினான், நான் ஆணிகளைச் சிரட்டைகளில் வகைபிரித்துப் போட்டேன். உள்ளே ஒரு சொட்டு ஒயில் இல்லை. பிஸ்டன் இறுகிப்போய், அதைத் தாங்குகிற தண்டு முறிந்திருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டிப் பிஸ்டனை வெளியே எடுத்தான். துடைத்தான். வெளிச்சத்துக்குப் பிடித்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

பட்டறையின் மூலையில், உதிரிப்பாகம் எடுப்பதற்கென்று அவன் வைத்திருந்த பழைய யப்பான் மிசின் ஒன்று கிடந்தது. அதன் பிஸ்டனை எடுத்து வந்து சீனப் பிஸ்டனுக்குப் பக்கத்தில் வைத்தான். அளவுகோலை எடுத்து அளந்தான். திரும்பவும் அளந்தான். பிறகு இரண்டு எஞ்சினின் வெறும் உடல்களையும் பக்கம் பக்கமாக வைத்து, யப்பான் எஞ்சினின் விலாவில் விரலை வைத்தான். அங்கே ஒரு ஓட்டை. எங்கேயும் போகாத, அரை அங்குலத்தில் முடிந்துவிடுகிற ஓட்டை. வேறு ஏதோ மொடலுக்குப் போட்டதை எடுக்க மறந்துபோய் யப்பான்காரன் விட்ட பிழை என்று அவன் என்னிடம் வருடக்கணக்காகச் சொல்லிச் சிரிக்கிற ஓட்டை. பிறகு அதே விரலைச் சீன எஞ்சினின் விலாவுக்குக் கொண்டுபோனான்.

"பார் மச்சான். பிழையையும் விடேல்லை."

அதே இடம். அதே அரை அங்குலம்.

அவன் குரலில் ஏளனம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. பரீட்சையில் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுகிறவனை அவன் நன்றாகத் தெரிந்தவன், ஏனென்றால் எட்டாம் வகுப்புவரை என்னைப் பார்த்து எழுதியவன் அவன்தான். பார்த்து எழுதுகிறவனைக் கைகொட்டிச் சிரிக்கக்கூடாது என்றான். பார்த்தென்றாலும் எல்லாக் கேள்வியையும் தன் கையால் ஒருதரம் எழுதினவன் அவன். பிறகு சுழல் சில்லைத் தூக்கிக் காட்டினான். யப்பான்காரனின் சில்லைவிடத் தடிப்பு. மண்ணெண்ணெய் கலப்படமாய் வந்தாலும் எஞ்சின் விக்காமல் ஓடுவதற்கு என்று ஊகித்தான். ஓட்டையைப் பார்த்து எழுதியவன் இந்த இடத்தில் தானே யோசித்திருக்கிறான். "உவன் முன்னுக்கு வருவான்" என்றான், பிஸ்டனிடம் சொல்வதுபோல.

எனக்கு அந்த நேரத்தில் அவனில் இரக்கம் வந்தது. நான் கொப்பியில் இருபது வருடம் கண்காணித்ததை அவன் இரண்டு மணித்தியாலத்தில் விரலால் தடவிக் கண்டுபிடித்துவிட்டான். ஆனால் கண்டுபிடித்தது அவனுடைய கையிலேயே விழுகிற அடி. யப்பான் மிசினின் ஒவ்வொரு ஆணியும் அவனுக்குப் பாடம், அதை நம்பித்தான் பட்டறை. ஊரெல்லாம் சீன மிசின் வந்தால் திரும்பவும் முதல் பாடத்திலிருந்து தொடங்கவேண்டும், நாற்பது வயதில், வாசிக்கத் தெரியாத புத்தகத்தோடு. வெள்ளைக்காரனை ஒருதரம் விட்டவனுக்கு அந்த வலி தெரியும்.

பிற்பாடு நடந்தது வேறு. தொண்ணூறுக்குப் பிறகு, அரசாங்கத் தடையால் பெற்றோலும் பற்றரியும் உதிரிப்பாகமும் வடக்கே வராத இந்த வருடங்களில், எங்கள் பகுதியில் முழுச் சீனன் என்றோ முழு யப்பான் என்றோ ஒரு மிசின் கிடையாது. ஒன்றின் வயிறு, மற்றதன் குடல். எது எதற்குப் பொருந்தும் என்று மனத்தில் பட்டியல் வைத்திருக்கிற ஒரே ஆள் என் சிநேகிதன். அவ்வளவு தூரத்து நெல்லியடியிலிருந்துகூடச் சைக்கிளில் பிஸ்டனைக் கட்டிக்கொண்டு அவனிடம் வருகிறார்கள். ஆனால் அன்று அது ஒன்றும் அவனுக்குத் தெரியாது. தெரியாமல்தான், யப்பான் மிசினின் பிஸ்டனையும் தண்டையும் எடுத்துச் சீன எஞ்சினுக்குள் வைத்தான். கையால் தள்ளிப் பார்த்தான். கோயில் கதவுபோல் போய் உட்கார்ந்தது.

சனிக்கிழமை பின்னேரம் வேலை முடிந்தது. ஸ்பனர்களைத் துடைத்துக்கொண்டு, "பிள்ளைக்கு நீ சொல்லுறியோ, நான் சொல்லவோ?" என்று கேட்டான். நானே போனேன்.

தங்கச்சி கிணற்றடியில் வாய்க்கால் செதுக்கிக்கொண்டிருந்தாள். இறைப்பு வருமோ வராதோ தெரியாத வாய்க்கால். நான் மட்டையையும் ஆங்கிலத் தாளையும் நீட்டினேன். அவள் தாளை வாசித்தாள், அவளும் ஆங்கிலம் படித்தவள். மடித்துத் திருப்பித் தந்தாள்.

"உங்களுக்குச் சீனம் தெரியாதெண்டு எனக்குத் தெரியும் அண்ணை."

"எப்ப தொட்டு?"

"சின்னனிலை தொட்டு. ஒரு எழுத்தையே ஒருநாள் ஒருமாதிரி வாசிப்பியள், மற்ற நாள் வேறைமாதிரி வாசிப்பியள்."

"தெரிஞ்சால் ஏன் அண்டைக்கு என்னைக் கேட்டனி?"

அவள் மண்வெட்டியை ஊன்றிப் பிடியில் கை வைத்து நின்றாள். "அவ்வளவு சனம் சுத்தி நிண்டது. உங்களைக் கேளாமல் விட்டால் உங்களுக்கு என்னமாதிரி இருக்கும்?" பிறகு மண்வெட்டியால் ஒரு கட்டியை உடைத்துவிட்டு, "ஒயிலை நானெல்லே பாத்திருக்கவேணும். என்ரை தோட்டம்" என்றாள்.

மிச்ச வாய்க்காலை நான் செதுக்குகிறேன் என்று மண்வெட்டியைக் கேட்டேன். மூன்று வெட்டில் கோணலாக்கினேன். அவள் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிய மிசினைக் கிணற்றடியில் இறக்கினோம். மூடியைத் திறந்து ஒயில் விட்டது தங்கச்சி. ஒயில் அளக்கிற கோலை இழுத்து மட்டம் பார்த்தாள், துடைத்தாள், திரும்பவும் விட்டுப் பார்த்தாள். சிநேகிதன் கயிற்றை இழுத்தான். தண்ணீர் வந்தது. ஒருவரும் கை தட்டவில்லை. முதல் பாத்தி நிறைந்தது, இரண்டாவது நிறைந்தது. மூன்றாவதில் நான் மூச்சு விட்டேன். சிநேகிதன் மிசினுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, அதன் விலாவில் கை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டே இருந்தான், காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்ப்பதுபோல.

சத்தம் கேட்டுத்தான் பெரியத்தான் வந்தார். வெளுத்த வேட்டி, திருநீறு, கதைக்க வருகிற கோலம். தங்கச்சி அப்போது முழங்கால்வரை சேறோடு கடைசி வரிசையில் நின்றாள். கூலிக்கு வருகிற மனிதர் ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. முதல் வரிசையில் ஒரு வரம்பு உடைந்து தண்ணீர் பாதைக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், என்ன செய்வதென்று ஆங்கிலத்தில்கூட யாரும் எனக்கு எழுதித் தந்திருக்கவில்லை.

தங்கச்சி அங்கிருந்தே கூப்பிட்டாள். "பெரியத்தான், அந்த வரம்பை ஒருக்கால் கட்டிவிடுங்கோ. அண்ணையாலை ஏலாது."

அவர் ஒரு கணம் வேட்டியைப் பார்த்தார். பிறகு அதை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். பிறவியிலேயே தோட்டக்காரர், தண்ணீர் வீணாய்ப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவரால் முடியாது. வரம்பைக் கட்டினார், அடுத்த பாத்திக்குத் தண்ணீரை மாறினார், அதற்கடுத்ததற்கும் மாறினார். வெங்காயத் தாளைக் கையில் பிடித்து அடியில் விரலை விட்டுக் காயைத் தடவிப் பார்த்தார். கதைக்க வந்ததைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கடைசிப் பாத்தி நிறைந்து மிசினை நிற்பாட்டியபோது வெய்யில் ஏறியிருந்தது. வாய்க்காலிலேயே காலைக் கழுவிக்கொண்டு, தங்கச்சியின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அடுத்த இறைப்பு எண்டைக்குப் பிள்ளை?"

"புதன்கிழமை. விடியவே தொடங்குவன், நேரத்தோடை வாங்கோ" என்றாள் தங்கச்சி.